குதிரைக்கு பிபி 178 காட்டுது, பயப்படணுமா?

மாரண்டஹள்ளி மைந்தன்
ஞாயிறு காலை 7.12

எல்லாருக்கும் வணக்கம். குதிரை வச்சிருக்கவங்க யாராச்சும் இருந்தா கொஞ்சம் அவசரமா பதில் சொல்லுங்க. எங்க வீட்டுல ஒரு வெள்ளை பெட்டைக் குதிரை இருக்கு, பேரு பவுனு, ஒன்பது பத்து வயசுன்னு சொல்லி வித்தாங்க, போன ஆடியில அந்தியூர் சந்தையில புடிச்சது. கல்யாண ஊர்வலம், காதுகுத்து, கோயில் விசேஷம்னு கூப்பிடற எடத்துக்கெல்லாம் அப்பாதான் கூட்டிட்டு போவாரு. நேத்து ராத்திரியில இருந்து ஆளு சரியில்ல. நின்ன எடத்துலயே நிக்குது, கூப்பிட்டா வர மாட்டேங்குது, கழுத்துல வேர்வை, மூச்சு வேற வேகமா வாங்குது.

எங்கப்பாவுக்கு ஆறு வருசமா பிபி, வீட்டுல கையில கட்டி பாக்கற மெஷின் இருக்கு. காலையில அதை எடுத்துட்டு வந்து பவுனோட முன்னங்கால்ல, முட்டிக்கு கீழ, ஒல்லியா இருக்குற எடத்துல கட்டிட்டாரு. 178/121 காட்டுச்சு, பல்ஸ் 64. ரெண்டாவது தடவை 184. மூணாவது தடவை காலை உதறிட்டா, எரர். பொங்கலுக்கு ஒருநாள் சும்மா வெளயாட்டுக்கு இதே மாதிரி கட்டிப் பாத்தோம், அப்ப எத்தனை தடவை அமுக்குனாலும் எரர் மட்டும்தான் வந்துச்சு, இப்ப நம்பரே வருது.

எனக்கு 150 தாண்டுனாலே டாக்டர் திட்டுறாரு, இதுக்கு 178டா, நரம்பு வெடிச்சுடும்டானு சொல்லி அவரோட அம்லோடிபின் மாத்திரை ரெண்டை வெல்லத்துல வச்சு குடுக்கலாம்னு நிக்கறாரு. நான்தான் கையை புடிச்சு நிறுத்தி வச்சிருக்கேன். குதிரைக்கு நார்மல் பிபி எவ்வளவு? மாத்திரை குடுக்கலாமா கூடாதா?

சும்மா வேடிக்கை
காலை 7.30

குதிரைக்கு பிபி பாத்த முதல் குடும்பம் உங்க குடும்பமாதான் இருக்கும் ப்ரோ 😄 ஆனா மாத்திரை குடுத்துராதீங்க, தெரிஞ்சவங்க வரட்டும்.

ஜட்கா பேரன்
காலை 7.41

எங்க தாத்தா ஊத்தங்கரையில ஜட்கா ஓட்டுனவரு. அவரு காலத்துல குதிரை இப்படி வேர்த்து நின்னா சூடு ஏறிடுச்சும்பாங்க, காது நுனியில லேசா கீறி ரத்தம் விடுவாங்க, பிரஷர் எறங்கிடும். நம்ம ஆளுங்க ஒண்ணும் தெரியாம செய்யல தம்பி. இன்னொன்னு, தாத்தா தினம் காலையில வண்டி பூட்டறதுக்கு முன்னாடி குதிரைக்கு தாடைக்கு கீழ ரெண்டு விரலை வச்சு கொஞ்ச நேரம் கண்ணை மூடிட்டு நிப்பாரு. சின்னப் பையனா இருக்கறப்ப கொஞ்சறாருனு நெனச்சேன்.

பென்ஷன் டாக்டர் கிருஷ்ணகிரி
காலை 8.05

தம்பி, மாத்திரை வேண்டாம். காதையும் கீறாதீங்க. ரெண்டையும் மொதல்ல சொல்லிட்டு மத்ததுக்கு வரேன்.

நான் கால்நடைத் துறையில இருந்து ரிட்டயர் ஆனவன். அப்பா கட்டுன எடம்தான் இங்க பிரச்சனை. பிபி மெஷின் பட்டை இதயத்தோட மட்டத்துல இருக்கணும், அதனாலதான் உங்கப்பா பாக்கறப்ப கையை மேஜை மேல வைக்கச் சொல்றாங்க. இதயத்துக்கு கீழ எவ்வளவு போறோமோ அந்த அளவுக்கு ரத்தத்தோட சொந்த கனமும் சேந்து காட்டும், தண்ணி டேங்குக்கு கீழ போகப் போக குழாயில வேகம் கூடற மாதிரி. ஒரு சென்டிமீட்டருக்கு கிட்டத்தட்ட முக்கால் புள்ளி. உங்க பவுனு நம்ம ஊரு கல்யாணக் குதிரைன்னா உயரம் 14 கை (ஒரு கை நாலு அங்குலம்) சுமார் இருக்கும், இதயம் தரையில இருந்து ஒரு மூணு அடிக்கு மேல, நீங்க கட்டுன எடம் ஒரு அடி. நடுவுல 65 சென்டிமீட்டர்னு வச்சுக்கிட்டா 50 புள்ளி சும்மாவே ஏறும். 178ல 50 போனா 128. நின்னுட்டு இருக்குற குதிரைக்கு மேல் பிபி 110ல இருந்து 130 வரைக்கும் சாதாரணம், கீழ 70, 80. அதாவது உங்க அப்பாவ பயமுறுத்துன நம்பர் ஒண்ணுமே இல்லாததா கூட இருக்கலாம். அதுவும் முட்டிக்கு கீழ எலும்பும் நாருமா இருக்குற எடம், மெஷின் அங்க சரியா புடிக்கவும் புடிக்காது, அதனால இந்தக் கணக்கையும் ரொம்ப நம்பாதீங்க.

ஆனா நீங்க போற போக்குல எழுதுனீங்களே பல்ஸ் 64, எனக்கு பயம் அதுலதான். சும்மா நிக்குற பெரிய குதிரைக்கு நிமிஷத்துக்கு 28ல இருந்து 44தான். வீட்டுல வச்சிருக்குற மெஷின் நிறைய 40க்கு கீழ பல்ஸ் இருந்தா எடுக்காது, எரர்னு சொல்லிடும். பொங்கலுக்கு எரர் வந்துச்சுன்னா அன்னைக்கு குதிரை ஜம்முனு இருந்துச்சுனு அர்த்தம். இன்னைக்கு நம்பர் வந்ததே நல்ல சேதி இல்ல. எதோ வலி இருக்கு.

உடனே இதை பாத்து சொல்லுங்க. தாடை எலும்போட கீழ் ஓரத்துல, உள்பக்கமா, விரலை வச்சு முன்னும் பின்னும் நகத்துனா பென்சில் கனத்துல ஒரு ரத்தக்குழாய் வழுக்கும், ஜட்கா தாத்தா புடிச்சது அதைத்தான், அவரு கொஞ்சல. 15 செகண்ட் எண்ணி நாலால பெருக்குங்க, மெஷின் சொன்ன 64 சரியானு தெரிஞ்சுடும். மேல் உதட்டை தூக்கி ஈறை கட்டைவிரலால அமுக்கி விடுங்க, வெளுத்தது ரெண்டு செகண்டுக்குள்ள திரும்ப ரோஸ் ஆகணும். சாணி போட்டுச்சா, வயித்தை திரும்பி திரும்பி பாக்குதா, முன்னங்கால் எப்படி வச்சிருக்கு, நாலு குளம்பையும் தொட்டு எது சூடுனு பாருங்க. ரெண்டு மூணு நாளைக்குள்ள என்ன தின்னுச்சு?

மாரண்டஹள்ளி மைந்தன்
காலை 8.48

டாக்டர் ஐயா ரொம்ப நன்றி, கை நடுங்குது, தப்பு இருந்தா மன்னிச்சுக்கோங்க. தாடையில கெடைச்சுது, மூணு தடவை எண்ணினேன், 16, 17, 16. அப்ப 64தான் வருது. ஈறு ரோஸ்தான், கொஞ்சம் காஞ்ச மாதிரி இருக்கு, அமுக்குனா ரெண்டு செகண்டு ஆகுது. நேத்து சாயந்தரம் தண்ணியா சாணி போட்டா, வயித்தை எல்லாம் பாக்கல.

நிக்கறது ஒரு மாதிரி இருக்கு, முன்னங்கால் ரெண்டையும் முன்னாடி நீட்டி வச்சுட்டு பின்னாடி சாஞ்ச மாதிரி, பிரேக் அடிச்ச வண்டி மாதிரி. ஒரு முன்னங்காலை தூக்கறா, வைக்கறா, இன்னொன்னை தூக்கறா. முன் குளம்பு ரெண்டும் சூடா இருக்குங்க ஐயா. பின்னாடி ரெண்டும் அவ்வளவு இல்ல.

தின்னது... இதை சொன்னா அப்பாவுக்கு கோவம் வரும். வியாழக்கிழமை ராத்திரி பாலக்கோடு பக்கம் ஒரு கல்யாணம், ஊர்வலம் முடிஞ்சு மண்டபத்துக்கு பின்னாடி சமையக்கட்டு ஓரமா கட்டிட்டு அப்பா சாப்பிட போயிட்டாரு. திரும்பி வர்றப்ப மிச்சம் வச்சிருந்த சோத்து அண்டாவுல தலையை விட்டிருக்கா, பாதி அண்டா காலி. கேசரியும் இருந்துச்சாம். சமையக்காரங்க சிரிச்சுக்கிட்டே இன்னும் ரெண்டு கரண்டி போட்டிருக்காங்க, கல்யாண வீடு, குதிரையும் சாப்பிடட்டும்னு.

பென்ஷன் டாக்டர் கிருஷ்ணகிரி
காலை 9.02

அதான். அண்டா சோறுதான்.

வியாழன் ராத்திரி தின்னு, சனிக்கிழமை சாயந்தரம் வயித்தால போயி, ராத்திரி கால் புடிச்சிருக்கு. இதுக்கு லாமினைட்டிஸ்னு பேரு, குளம்புக்குள்ள வர்ற அழற்சி. குதிரைக்கு வாந்தி எடுக்க வராது, தின்னது உள்ள போயே தீரணும். அவ்வளவு சோறு சிறுகுடல்ல செரிக்காம பின்குடலுக்கு போயி அங்க புளிச்சு, அங்க இருக்குற நல்ல கிருமி எல்லாம் செத்து, விஷம் ரத்தத்துல ஏறி, கடைசியில குளம்புல வந்து நிக்கும். குளம்புக்குள்ள எலும்பையும் ஓட்டையும் ஒட்டி புடிச்சிருக்குற மெல்லிசு திசு மடிப்பு இருக்கு, அதுதான் வீங்குது. விரல்ல சுளுக்கு வந்தா வீங்க எடமிருக்கு, குளம்பு சுத்தி ஓடு, விரியாது. அந்த வலியை நெனச்சு பாருங்க. நகத்துக்கு அடியில முள்ளு ஏறுனா எப்படி இருக்கும், அது ரெண்டு கால்லயும், அதுமேலதான் உடம்பு கனத்துல பாதிக்கு மேல.

இன்னொன்னு தொட்டு பாருங்க. குளம்புக்கு மேல கணுக்கால் மாதிரி உருண்டையா ஒரு மூட்டு இருக்கும், அதோட பின்பக்கம் ரெண்டு ஓரத்துலயும் விரலை மெதுவா வைங்க. நல்லா இருக்குற குதிரைக்கு அங்க துடிப்பை தேடித்தான் கண்டுபிடிக்கணும். இப்ப விரலை தட்டித் தள்ளும்.

செய்ய வேண்டியது: கால்நடை ஆம்புலன்ஸ் 1962க்கு போன் போடுங்க, இல்ல பக்கத்துல இருக்குற டாக்டரை எப்படியாச்சும் வரவைங்க, இன்னைக்கே. அதுவரைக்கும் நடக்க வைக்காதீங்க, நடந்தா சரியாகும்னு யாராச்சும் சொன்னா கேக்காதீங்க. கொள்ளு, தவிடு, சோறு, வெல்லம் எல்லாம் நிறுத்துங்க, காஞ்ச புல்லும் தண்ணியும் மட்டும். முன்னங்கால் ரெண்டையும் குளம்பில இருந்து முட்டிக்கு பாதி வரைக்கும் ஐஸ் தண்ணியில வைங்க, விட்டு விட்டு இல்ல, தொடர்ச்சியா, ரெண்டு நாளைக்கு கொறையாம. மொதல் கட்டத்துல இதுக்கு ஈடா வேற வைத்தியம் இல்ல. அடியில மணல் கொட்டி மெத்துனு ஆக்குங்க. லாடத்தை நீங்களா புடுங்காதீங்க, டாக்டர் சொல்லட்டும்.

ஜட்கா பேரன்
காலை 9.20

டாக்டர் சொன்னா சரிங்க, காது கீறறதை வாபஸ் வாங்கிக்கறேன். ஆனா ரத்தம் எடுத்தா பிரஷர் கொறையும்ங்கறது லாஜிக்தானே?

அப்புறம் வலிக்கு மாட்டுக்கு போடற டைக்ளோஃபினாக் ஊசி பக்கத்து கடையில கெடைக்கும், அதை போட்டா?

பென்ஷன் டாக்டர் கிருஷ்ணகிரி
காலை 9.34

டைக்ளோஃபினாக் கால்நடைக்கு 2006லயே நம்ம நாட்டுல தடை பண்ணியாச்சு, அது போட்ட மாட்டை தின்னு பிணந்தின்னிக் கழுகு கிட்டத்தட்ட பூராவும் செத்துப் போச்சு. ஆளுக்கு வர்றதை வாங்கி போடறதும் அதே தப்புதான். வலி ஊசி டாக்டர் கையாலதான்.

ரத்தம் எடுக்கறதுக்கு கணக்கு சொல்றேன். உடம்பு எடையில நூத்துக்கு எட்டு பங்கு ரத்தம். 350 கிலோ குதிரைக்கு 28 லிட்டர். காது நுனியில கீறுனா ஒரு டம்ளர் வருமா? கெணத்துல இருந்து ஒரு சொம்பு எடுத்து தண்ணி மட்டம் எறங்கிடுச்சுங்கற கதை. நெசமாவே எறங்கற அளவுக்கு எடுத்தா அப்புறம் குதிரை இருக்காது. சூட்டுக்கு சும்மா நின்னு பாத்துட்டு இருக்குறதுக்கு பதிலா எதையாச்சும் செஞ்சோம்னு ஒரு ஆறுதல், அவ்வளவுதான். தாத்தாவை குத்தம் சொல்லல, பல்ஸ் புடிச்சாரு பாருங்க, அந்த பழக்கம் இன்னைக்கு குதிரை வச்சிருக்குற நூறு பேர்ல பத்து பேருக்கு கூட இருக்குமானு சந்தேகம்.

நாமக்கல் ஃபைனல் இயர்
மதியம் 1.15

வணக்கம் சார், நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில ஃபைனல் இயர் படிக்கறேன், ஊரு காவேரிப்பட்டணம். சார் எல்லாம் சொல்லிட்டாங்க, குதிரைக்கு உண்மையிலயே பிபி பாக்கணும்னா எப்படினு மட்டும் சேத்துக்கறேன், ஏன்னா தலைப்பை பாத்துட்டு நாளைக்கு வேற யாராச்சும் வந்து காலுல கட்டுவாங்க.

கட்டற எடம் வால் ஆரம்பிக்கற எடம். வாலோட கீழ்ப்பக்கம் நடுவுல ஒரு தமனி ஓடுது, பட்டையோட காத்துப்பை அதுக்கு நேரா வரணும். அந்த காத்துப்பை அகலம் வால் சுத்தளவுல நூத்துக்கு நாப்பது இருக்கணும்னு படிச்சோம், ரொம்ப ஒல்லியா இருந்தா நம்பர் ஏத்திக் காட்டும், ரொம்ப அகலமா இருந்தா எறக்கிக் காட்டும். வால் இதயத்தை விட உயரத்துல இருக்குறதால இங்க கணக்கு தலைகீழ், வர்ற நம்பரோட கூட்டணும், உயரத்தைப் பொறுத்து பதினஞ்சு இருபது புள்ளி. ஒரு தடவை பாத்து முடிவு பண்ணக் கூடாது, அஞ்சு தடவை எடுத்து சராசரி போடணும், மொதல் ரீடிங்க் எப்பவும் பயத்துல எகிறும். தலையை ஒரே உயரத்துல வச்சிருக்கணும், தலையை தூக்குனா எறக்குனா நம்பர் மாறும்.

எங்களுக்கு பிபி நெசமா உயிர் போற விஷயமா இருக்கறது ஆபரேஷன்லதான். மயக்கம் குடுத்து படுக்க வச்சதும் குதிரைக்கு பிபி சரிஞ்சுடும், மூஞ்சியில இருக்குற தமனிக்குள்ளயே ஊசி ஏத்தி நேரடியா திரையில பாத்துட்டே இருப்போம். சராசரி பிரஷர் 70க்கு கீழ போக விடக் கூடாது, போனா அடியில மாட்டுன சதைக்கு ரத்தம் போகாம, ஆபரேஷன் நல்லா முடிஞ்சும் குதிரை எழுந்து நிக்க முடியாம போயிடும். மனுஷங்களுக்கு பிபி ஏறுனா பயம், குதிரைக்கு எறங்குனாத்தான் எங்களுக்கு வயித்தை கலக்கும். மனுஷங்க மாதிரி காரணமே இல்லாம பிபி ஏறி வருசக்கணக்கா மாத்திரை சாப்பிடறது குதிரையில அபூர்வம், ஏறுனா பின்னாடி வலி, பயம், கிட்னி, இல்ல இதே குளம்பு பிரச்சனை எதாச்சும் ஒண்ணு இருக்கும்.

மைந்தன் அண்ணா, பவுனு எப்படி இருக்கா?

சும்மா வேடிக்கை
மதியம் 1.40

எனக்கு ஒரு டவுட்டு. நான் ஷூ லேஸ் கட்ட குனிஞ்சு எழுந்தாலே தலை சுத்துது. குதிரை நாள் பூரா தலையை தரையில போட்டு மேஞ்சுட்டு, சத்தம் கேட்டா டக்குனு ஆறடிக்கு தூக்குது. அதுக்கு ஏன் சுத்தல?

பென்ஷன் டாக்டர் கிருஷ்ணகிரி
மதியம் 2.10

நல்ல கேள்வி, வேடிக்கை பாக்க வந்தவர் கேக்கறாரு. கழுத்துல இருக்குற பெரிய தமனியோட சுவத்துலயே பிரஷரை அளக்குற நரம்பு முனை இருக்கு, தலை தூக்குன ஒண்ணு ரெண்டு துடிப்புக்குள்ள மூளைக்கு சேதி போயி, ரத்தக்குழாய் இறுகி, இதயம் வேகம் புடிச்சு சமாளிச்சுடும். உங்களுக்கும் அது இருக்கு, கொஞ்சம் சோம்பேறியா இருக்கு போல, தண்ணி நல்லா குடிங்க. ஊசி போட்டு மயக்கத்துல தலை தொங்கவிட்டு நிக்குற குதிரைக்கு பாத்தீங்கன்னா மூக்கு வீங்கிடும், தலைக்கு ஒரு முட்டு குடுத்து நிமித்தி வைப்போம்.

பிபி பத்தி பேச்சு வந்ததால ஒண்ணு சொல்லிட்டு போறேன். சும்மா வேடிக்கை சொன்னாரே, குதிரைக்கு பிபி பாத்த முதல் குடும்பம்னு, அது இல்ல. உலகத்துலயே மொதல் மொதல்ல ரத்த அழுத்தத்தை அளந்து எழுதி வச்சதுல பேர் வாங்கினது ஒரு குதிரைதான். இங்கிலாந்துல ஸ்டீபன் ஹேல்ஸ்னு ஒரு பாதிரியார், 1733ல வெளியிட்டாரு. உங்க பவுனு மாதிரியே ஒரு பெட்டை, 14 கை உயரம், 14 வயசு சுமார், வேலைக்கு ஆகாதுனு கொல்ல இருந்தது. அதை மல்லாக்க கட்டிப் போட்டு தொடைப் பக்கம் தமனியில ஒரு பித்தளைக் குழாயை சொருகி, அதுமேல ஒன்பது அடி கண்ணாடிக் குழாயை நிக்க வச்சாரு. ரத்தம் இதயத்து மட்டத்துக்கு மேல 8 அடி 3 அங்குலம் ஏறி நின்னு, ஒவ்வொரு துடிப்புக்கும் ரெண்டு மூணு அங்குலம் ஏறி எறங்குச்சாம். இன்னைக்கு கணக்குல 190 பக்கம் வருது. நார்மலை விட ரொம்ப ஜாஸ்தி இல்லையா? உசிரோட, மயக்கம் இல்லாம, கட்டிப் போட்டு அறுத்தா வேற என்ன வரும். அவரு அளந்த நம்பர்ல பாதி அந்த குதிரையோட பயம். படிக்கற காலத்துல இதை கேட்டப்ப ஆச்சரியமா இருந்துச்சு, இப்ப நெனச்சா பாவமா இருக்கு.

ரேஸ்கோர்ஸ் சைஸ்
மாலை 6.25

வணக்கம் சாமி, பர்கூர்காரன், பெங்களூர்ல ரேஸ் குதிரை லாயத்துல சைஸா, அதாவது குதிரையை பாத்துக்கறவனா, பதினெட்டு வருசம். படிக்காதவன், பாத்ததை சொல்றேன். காலையில நாலு மணிக்கு லாயத்துல நொழஞ்சா மொத வேலை தீவனத் தொட்டி காலியானு பாக்கறது, ரெண்டாவது நாலு காலையும் தடவறது. நான் தடவறப்ப குதிரைக்கு காலு, எனக்கு பேப்பர் படிக்கற மாதிரி. குளம்பு மேல துடிப்பு தெரிஞ்சா அன்னைக்கு ட்ராக்குக்கு அனுப்ப மாட்டோம்.

நிக்கறப்ப முப்பது சொச்சம் அடிக்கற இதயம் முழு ஓட்டத்துல 220, 230 போகும், டாக்டர் மெஷின் மாட்டி காட்டியிருக்காரு. அப்ப நுரையீரல்ல இருக்குற குழாய்ல பிரஷர் மூணு நாலு மடங்கு ஏறிடும்னு சொன்னாரு, அந்த குழாய் சுவரு காகிதத்தை விட மெல்லிசு, பொத்துக்கும். ஓடிட்டு வந்து தலையை கீழ போட்டா மூக்குல ரத்தம் சொட்டும், ப்ளீடர்னு சொல்லுவாங்க. வெளிய சொட்டறது கொஞ்ச பேருக்குத்தான், கேமரா விட்டு பாத்தா உள்ள பாதிக்கு மேல குதிரைக்கு லேசா கசிஞ்சிருக்கும். லாசிக்ஸ் ஊசி அதுக்குத்தான், ஒண்ணுக்கு போக வச்சு பிரஷரை எறக்கறது. ரேஸ் அன்னைக்கு போடலாமா கூடாதானு எடத்துக்கு எடம் சட்டம் வேற.

தம்பி ஐஸ் வச்சியா? மீன் மார்க்கெட்ல கேளு, உடைச்ச ஐஸ் மலிவா கெடைக்கும். உரச்சாக்கை ரெண்டு மடிப்பா மடிச்சு காலை உள்ள விட்டு மேல துணியால தளர்வா கட்டு, இறுக்கிடாத.

மாரண்டஹள்ளி மைந்தன்
ஞாயிறு இரவு 10.50

இப்பதான் பதில் எழுத நேரம் கெடச்சுது, எல்லாரும் மன்னிக்கணும். டாக்டரம்மா மூணு மணிக்கு வந்தாங்க. வந்ததும் அப்பா பெருமையா பிபி மெஷினை நீட்டுனாரு, அவங்க வாங்கி ஓரமா வச்சுட்டு தாடையில ரெண்டு விரலை வச்சு வாட்சை பாத்தாங்க. 68. அப்புறம் ஈறு, அப்புறம் குளம்பு மேல துடிப்பு, என் விரலையும் புடிச்சு வச்சு காட்டுனாங்க, மத்தளம் மாதிரி தட்டுது. ஐயா சொன்ன அதே பேர்தான் சொன்னாங்க. வலிக்கு மெலாக்சிகாம் ஊசி, மூக்கு வழியா ட்யூப் விட்டு எதோ எண்ணெய் மாதிரி ஊத்துனாங்க, நேத்தே கூப்பிட்டிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்னு ஒரே ஒரு வார்த்தை சொன்னாங்க, அதுவே போதும்.

ஐஸ் பாலக்கோட்டுல இருந்து மாமா டூ வீலர்ல ரெண்டு நடை அடிச்சாரு. சைஸ் அண்ணா சொன்ன மாதிரி உரச்சாக்கு. மொதல்ல உதறுனா, பத்து நிமிஷத்துல தலையை அப்பா தோள் மேல வச்சுட்டு அப்படியே நின்னுட்டா. அப்பா அசையாம ஒரு மணி நேரம் நின்னாரு. மாத்திரையை பத்தி பேச்சே இல்ல.

ஜட்கா பேரன்
திங்கள் காலை 6.30

நல்லது தம்பி. கொள்ளு நிறுத்திட்டா ஆளு எளச்சுடுமே, எங்க பக்கம் கோழிப்பண்ணையில முட்டைக்கோழி தீவனம் ஒடஞ்சது மலிவா கெடைக்கும், புரோட்டீன் ஜாஸ்தி, வேணும்னா சொல்லு.

நாமக்கல் ஃபைனல் இயர்
திங்கள் காலை 6.44

ஐயோ அண்ணா வேண்டவே வேண்டாம்!! கோழித் தீவனத்துல ரத்தக்கழிச்சலுக்கு மோனென்சின், சாலினோமைசின் மாதிரி மருந்து கலந்திருக்கும், எல்லா தீவனத்துலயும் இல்லனாலும் எதுல இருக்குனு சாக்கை பாத்து நமக்கு தெரியாது. கோழிக்கு அது மருந்து, குதிரைக்கு துளி போதும், இதயத் தசையே செத்துடும். பிபி பத்தி பேசறோமே, இதயம் பம்ப் பண்ணாம பிபி தரைக்கு போற கேஸ் அதுதான். நம்ம நாமக்கல், தர்மபுரி பக்கம் பண்ணையும் குதிரையும் பக்கத்து பக்கத்துல இருக்கு, தயவு செஞ்சு யாரும் பண்ணாதீங்க.

ஜட்கா பேரன்
திங்கள் காலை 6.51

சரிம்மா. நான் இனிமே கேள்வி மட்டும் கேக்கறேன் 🙏

ஒண்ணு கேக்கறேன். தாத்தாவோட கடைசி குதிரை, இருபது வயசு இருக்கும், அதுக்கு தாடையில கை வச்சா துடிப்பு டமார் டமார்னு குதிக்குமாம், ஆனா குதிரை நல்லாதான் ஓடுச்சு. அதுவும் இதே நோயா?

பென்ஷன் டாக்டர் கிருஷ்ணகிரி
திங்கள் காலை 9.15

பாக்காம சொல்ல முடியாது, ஆனா அந்த வயசுல இதயத்துல இருந்து வெளிய போற பெருந்தமனி வால்வு தேஞ்சு கசியறது சகஜம். பம்ப் பண்ணுன ரத்தத்துல ஒரு பங்கு திரும்ப உள்ளயே வந்துடும், அதனால மேல் நம்பர் ஏறும், கீழ் நம்பர் விழும், நடுவுல எடைவெளி பெருசாகி துடிப்பு குதிக்கும். லேசா இருந்தா வருசக்கணக்குல ஓடும். இது எல்லா எடத்துலயும் குதிக்கும், லாமினைட்டிஸ்ல குளம்பு பக்கம் மட்டும் குதிக்கும், விரல்லயே வித்தியாசம் தெரியும். ஓசூர் பக்கத்துல மத்திகிரி பண்ணையே 1824ல ராணுவக் குதிரைக்குனு ஆரம்பிச்சது, அந்த காலத்துல இந்த பக்கம் ஸ்டெதாஸ்கோப் இருந்திருக்குமானு சந்தேகம், விரல்லதான் பாத்திருப்பாங்க.

மைந்தன் தம்பி, ஐஸ் இன்னைக்கும் விடாதீங்க. வலி கொறஞ்சதும் ஊர்வலத்துக்கு அட்வான்ஸ் வாங்கிடாதீங்க. குளம்பு மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டர் கூட வளராது, முழுசா புதுசா வர ஒரு வருசம் பக்கம் ஆகும். எப்ப சேணம் போடலாம்னு டாக்டரம்மாதான் சொல்லணும்.

மாரண்டஹள்ளி மைந்தன்
அடுத்த செவ்வாய், இரவு 8.20

ரொம்ப நாளா எழுதல. பவுனு பொழச்சுட்டா. மூணாவது நாள் 52, அஞ்சாவது நாள் 46, நோட்டுல எழுதி லாயத்துல தொங்க விட்டிருக்கேன், காலையில சாயந்தரம் ரெண்டு வேளை, இப்ப எங்கம்மாவே கண்ணை மூடிட்டு எண்ணிடறாங்க. ஊசி நிறுத்தியும் நாலு நாள் ஆச்சு. மணல்லயே வச்சிருக்கோம், படுத்து எழறா, கேழ்வரகுத் தாளும் புல்லும் மட்டும்தான். வர்ற மாசம் மூணு ஊர்வலம் இருந்துச்சு, அப்பாவே போன் பண்ணி கேன்சல் பண்ணிட்டாரு. ஒரு வீட்டுல மட்டும் கொஞ்சம் கத்துனாங்க.

இன்னைக்கு காலையில தாடையில 36 எண்ணினேன். அப்பாவுக்கு நம்பிக்கை வரல, மெஷினை எடுத்துட்டு வந்து அதே கால்ல, அதே எடத்துல கட்டுனாரு. ஊதுச்சு, எறங்குச்சு, திரும்ப ஊதுச்சு, எரர். இன்னொரு தடவை, எரர். நாலு தடவை எரர். அப்பா அவ கழுத்துல ரெண்டு தட்டு தட்டிட்டு, பட்டையில ஒட்டுன மணலை ஊதி விட்டு தன் கையில கட்டிக்கிட்டாரு.

அவருக்கு 162.